ரத்தம் கசியும் இடமா, சர்க்கரை செலவாகும் இடமா? உலோகம் இல்லாத எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட்

"கான்ட்ராஸ்ட் போட்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க. கிரியாட்டினின் ரிப்போர்ட் இருக்கா?" வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று ஆன பிறகு, ஸ்கேன் சென்டர் மேசையில் இந்தக் கேள்வி காதில் விழாமல் இருக்காது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் அந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டியதும் மோதிரம், செயின், ஹேர்பின், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வெளியே கொடுத்துவிடச் சொல்வார்கள். உள்ளே இருப்பது பெரிய காந்தம். முதலில் ஊசி இல்லாமல் சில படங்கள் எடுப்பார்கள். அப்புறம் கை நரம்பில் செருகிய குழாய் வழியாகக் கான்ட்ராஸ்ட், அதாவது படத்தில் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் மருந்து ஏறும். கை சில்லென்று குளிர்ந்ததாகச் சிலர் சொல்வார்கள். மறுபடி படங்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு வழக்கமாக ஏற்றும் அளவு 12 மில்லி. அதிலிருக்கும் காடோலினியத்தை மட்டும் பிரித்து நிறுத்தால் ஏறத்தாழ 1 கிராம் வரும். காடோலினியம் ஓர் உலோகம். மூக்குத்தியைக்கூடக் கழற்றச் சொன்ன அதே அறையில், ஒரு கிராம் உலோகம் ரத்தத்துக்குள் போகிறது. அந்த ஒரு கிராம் இல்லாமலே கட்டியைப் பார்க்க முடியுமா என்று 20 ஆண்டுகளுக்கும் மேலாக வேதியியலாளர்களும் இயற்பியலாளர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாதுகாப்பான மாற்று மருந்து வேண்டும் என்றுதான் அந்தத் தேடலைப் பற்றி வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. உலோகத்தை எடுத்துவிட்டால், ஸ்கேன் உடம்பிடம் கேட்கும் கேள்வியே மாறிவிடுகிறது.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரை. நம் உடம்பின் தண்ணீர் மூலக்கூறுகளில் உள்ள ஹைட்ரஜன் கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். வெளியே வலுவான காந்தப்புலம் இருந்தால் அவற்றில் மிகச் சிறிய பங்கு அதன் திசையில் கூடுதலாகச் சாயும். 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) இயந்திரத்தில்கூட அந்தக் கூடுதல் 10 லட்சத்தில் 10 என்ற அளவுதான். ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டு, பழைய நிலைக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புகின்றன என்று கேட்பதுதான் ஸ்கேன். கட்டியின் தண்ணீர் திரும்பும் வேகம் சாதாரணத் திசுவிலிருந்து வேறுபடுகிறது என்று ரேமண்ட் டமாடியன் 1971-இல் எழுதினார். 1973-இல் பால் லாட்டர்பர் அந்தச் சமிக்ஞையைப் படமாக்கும் வழியைக் காட்டினார். ஆனால் அந்த வேறுபாடு பல கட்டிகளில் போதாது. சிறு கட்டி சுற்றியிருக்கும் திசுவோடு கலந்து மறைந்துவிடும்.

அங்கேதான் காடோலினியம் வந்தது. அதன் அயனியில் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் 7 இருக்கின்றன. எலெக்ட்ரானின் காந்த வலிமை ஹைட்ரஜன் கருவுடையதைவிட ஏறத்தாழ 660 மடங்கு. அந்த அயனியின் பக்கத்தில் வந்துபோகும் தண்ணீர் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும், படத்தில் பளிச்சென்று தெரியும். 1988-இல் முதல் காடோலினியம் மருந்து விற்பனைக்கு வந்ததிலிருந்து, மூளைக் கட்டி, மார்பகக் கட்டி, கல்லீரல் கட்டி எதுவானாலும் இதுவே கைக்கு எட்டிய முதல் உதவி.

சரி, கட்டி மட்டும் ஏன் பளிச்சிடுகிறது? காடோலினியத்துக்குப் புற்றுநோயை அடையாளம் தெரியாது. அவசரத்தில் வளரும் கட்டி தனக்கென்று ரத்தக் குழாய்களையும் அவசரத்தில் கட்டிக்கொள்கிறது. அவற்றின் சுவரில் ஓட்டைகள் அதிகம். ரத்தத்தோடு ஓடும் மருந்து அந்த ஓட்டை வழியே கசிந்து தேங்குகிறது. ஆக, நாம் பார்ப்பது கசிவின் படம். அழற்சி வந்த இடத்திலும் கசிவு உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சையில் செத்துப்போன திசுவிலும் உண்டு. மருத்துவர் அறிக்கையில் "உறுதிசெய்ய மேலும் பரிசோதனை தேவை" என்ற வரி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொரு சிக்கல் உலோகத்துடையது. காடோலினியம் அயனி அளவில் கால்சியம் அயனிக்கு மிக அருகில் இருக்கிறது. கால்சியம் போகவேண்டிய வாசலில் இது போய் நின்றால் நரம்பு, தசை எல்லாம் தடுமாறும். அதனால்தான் கரிமக் கூண்டுக்குள் பூட்டி அனுப்புகிறார்கள். கூண்டு இரண்டு வகை. ஒன்று முழு வளையம், இன்னொன்று திறந்த சங்கிலி. சிறுநீரகம் சரியாக வேலை செய்தால் மருந்தின் பெரும்பகுதி ஒரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். அது வேலை செய்யாதவர்களுக்கு மருந்து நாள்கணக்கில் உள்ளேயே சுற்றும், கூண்டு பிரியும்.

1997 முதல் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் மரப்பலகைபோல் இறுகி, மூட்டை மடக்க முடியாமல் போகும் ஒரு புது நோய் தென்பட்டது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. 2006-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஒரு சிறுநீரக மருத்துவர் அதைக் காடோலினியத்தோடு தொடர்புபடுத்தினார். மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கையை மருந்தின் விவரத்தாளில் சேர்க்க வைத்தது. மேசையில் கிரியாட்டினின் கேட்பது அதனால்தான். அந்தச் சாதாரணக் கேள்வியும், திறந்த சங்கிலி மருந்துகளிலிருந்து வளைய மருந்துகளுக்கு மாறியதும் சேர்ந்து அந்த நோயைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்கிவிட்டன.

2014-இல் ஜப்பானின் டொமோனோரி காண்டாவும் அவரது குழுவினரும் வேறொன்றைக் கவனித்தார்கள். பலமுறை காடோலினியம் ஏற்றிக்கொண்டவர்களின் மூளையில் இரண்டு குறிப்பிட்ட இடங்கள், ஊசி போடாத படத்திலும் வெளிச்சமாகத் தெரிந்தன. இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சோதித்தபோது அங்கே காடோலினியம் இருந்தது. இவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இல்லை. 2017-இல் ஐரோப்பா திறந்த சங்கிலி மருந்துகள் பலவற்றை நிறுத்திவைத்தது. அப்படித் தங்குவதால் மூளைக்குக் கேடு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதிக் கொடுத்த கான்ட்ராஸ்ட் ஸ்கேனை யாராவது தள்ளிப்போட்டால் அது ஆபத்து. கட்டியைத் தவறவிடுவதோடு ஒப்பிட்டால் அந்த ஒரு கிராம் சின்ன விஷயம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தாக வேண்டிய ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அப்போது மாற்று வழி தேடுவது வீண்வேலை என்று சொல்ல மனம் வராது.

வெளியேறிய உலோகம் எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்வி. மைக்கேல் பாவ், பீட்டர் டுல்ஸ்கி என்ற இரு புவி வேதியியலாளர்கள் 1996-இல் ரைன் உள்ளிட்ட ஜெர்மானிய ஆறுகளில் காடோலினியம் இயற்கைக்கு மாறாகக் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்தக் கூண்டை அப்படியே விட்டுவிடுகின்றன. இப்போது ஒரு நகரத்தின் கழிவுநீர் ஆற்றில் எங்கே கலக்கிறது என்று கண்டுபிடிக்கவே காடோலினியத்தை அடையாளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, உலோகத்துக்குப் பதில் என்ன? இரும்பும் மாங்கனீசும் காடோலினியத்துக்கு மாற்று என்று பேசப்படுகின்றன, ஆனால் அவையும் உலோகங்களே. உலோகமே வேண்டாம் என்றால் முதலில் தோன்றும் யோசனை, ஜோடி சேராத எலெக்ட்ரானை வேறு எங்காவது தேடிப் பிடிப்பது. நைட்ராக்சைடு என்ற கரிமத் தனியுறுப்புகளில் அப்படி ஓர் எலெக்ட்ரான் இருக்கிறது. ஒன்றே ஒன்று. காடோலினியத்தின் 7-க்கு எதிரே 1 என்றால் ஏழில் ஒரு பங்கு பலன் கிடைக்கும் என்று கணக்குப் போடத் தோன்றும். இயற்பியல் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. எலெக்ட்ரான்களின் மொத்தச் சுழற்சியை வைத்துக் கணக்கிட்டால், மற்றதெல்லாம் சமமாக இருந்தாலும் வித்தியாசம் 21 மடங்கு. போதாததற்கு, ரத்தத்திலும் செல்லுக்குள்ளும் இருக்கும் வைட்டமின் சி போன்றவை நைட்ராக்சைடைச் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்துவிடும். எலெக்ட்ரான் ஜோடி சேர்ந்தால் வெளிச்சம் போயிற்று.

இந்தப் பலவீனத்தையே சிலர் பலமாகப் பார்த்தார்கள். கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு, குளுட்டாதயோன் போன்ற ஒடுக்கும் (எலெக்ட்ரான் கொடுக்கும்) பொருள்கள் அதிகம். அங்கே நைட்ராக்சைடு இன்னும் வேகமாக அணையும். பெரியண்ணன் குப்புசாமியும் அவரோடு வேலை செய்தவர்களும் 2002-இல் எலித் திசுவில் இதை, ஜோடி சேராத எலெக்ட்ரானையே நேரடியாகப் பார்க்கும் எலெக்ட்ரான் ஒத்ததிர்வு முறையில் படமாக்கினார்கள். 2006-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் குழு அதையே எம்.ஆர்.ஐ.யில் செய்தது. எங்கே வெளிச்சம் சீக்கிரம் அணைகிறதோ அங்கே கட்டி.

எதிர்த் திசையில், அணையாத நைட்ராக்சைடைச் செய்யவும் முயற்சி நடந்தது. எம்.ஐ.டி.யில் ஜெரமையா ஜான்சனின் குழுவும் நெப்ராஸ்காவில் ஆண்ட்ரே ராய்காவின் குழுவும் சேர்ந்து, நைட்ராக்சைடுகளை நூற்றுக்கணக்கில் ஒரு பாலிமர் பந்துக்குள் அடுக்கி, மேலே தூரிகை மயிர்போல் ஒரு காப்புறை வளர்த்தார்கள். வைட்டமின் சி உள்ளே நுழையத் திணறியது. பந்து பெரிதாக இருந்ததால் மெதுவாகச் சுழன்றது, அதுவும் பலனைக் கூட்டியது. 2017-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், எலியின் கட்டி ஊசி போட்டு 20 மணி நேரம் ஆன பிறகும் படத்தில் தெரிந்தது. இது கெட்டிக்கார வேதியியல், சந்தேகமில்லை. ஆனாலும் இது கேட்பது பழைய கேள்வியைத்தான்: எங்கே கசிகிறது?

கேள்வியை மாற்றியது 2000-இல் வார்ட், பலபான் குழுவினர் முன்வைத்த இன்னொரு வழி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'செஸ்ட்' என்று அதை அழைக்கிறார்கள். வேதிப் பரிமாற்றத்தின் வழியே தண்ணீரின் சமிக்ஞையை மங்கவைப்பது என்று சொல்லலாம். இதற்கு எலெக்ட்ரான் தேவையே இல்லை.

வாக்குச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். விரலில் மை வைப்பவர் ஒருவர்தான், அவர் முன்னால் நாற்காலியும் ஒன்றுதான். ஒருவர் உட்கார்ந்து, மை வாங்கிக்கொண்டு, ஊருக்குள் திரும்பிப் போகிறார். அடுத்தவர் வருகிறார். சாவடியை எட்டிப் பார்த்தால் ஒரே ஓர் ஆள்தான் தெரியும். ஊருக்குள் போய்ப் பார்த்தால் விரலில் மையோடு ஆயிரம் பேர். சர்க்கரையிலோ புரதத்திலோ உள்ள சில ஹைட்ரஜன்கள் அந்த நாற்காலிபோல. அவை தண்ணீரின் ஹைட்ரஜனோடு ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன, சிலவற்றில் ஒரு நொடிக்கு ஆயிரம் முறைக்கும் மேல். அந்த நாற்காலிக்கு மட்டும் உரிய அலைவரிசையில் ரேடியோ அலையைப் பாய்ச்சினால், அங்கே உட்கார்ந்தவரின் சமிக்ஞை அணைந்துவிடும். அவர் தண்ணீருக்குள் திரும்பிப் போகும்போது தன் இருட்டையும் எடுத்துப் போகிறார். சில நொடிகள் இப்படியே நடந்தால் தண்ணீரின் மொத்தச் சமிக்ஞை அளந்து பார்க்கும் அளவுக்குக் குறைகிறது. மிகக் குறைந்த செறிவில் இருக்கும் ஒரு பொருளை, கடல்போல் இருக்கும் தண்ணீரின் வழியாகப் படிக்கலாம். அலையை நிறுத்திவிட்டால் மை மறையும். வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது அணைக்கலாம். காடோலினியத்தில் இது முடியாது.

இனி எந்த மூலக்கூறை நாற்காலியாக வைப்பது? இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்குவதில்லை, ஏனென்றால் பட்டியலில் முதலில் வருவது குளுக்கோஸ். மருத்துவமனையில் பாட்டிலில் தொங்கும் அதே குளுக்கோஸ். புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி எடுத்து, ஆக்சிஜன் இருக்கும்போதே அதை லாக்டேட்டாக (லாக்டிக் அமிலத்தின் வடிவம்) மாற்றுகின்றன என்று 1920-களில் ஆட்டோ வார்பர்க் கண்டார். பெட் ஸ்கேன் இதை வைத்துத்தான் ஓடுகிறது, ஆனால் அதற்குக் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் வான் ஜிஜ்ல், மைக்கேல் மக்மஹன், கானி சான் ஆகியோர் 2012-இல் சாதாரண குளுக்கோஸை எலிகளுக்கு ஏற்றி மார்பகப் புற்றுக் கட்டியை எம்.ஆர்.ஐ.யில் காட்டினார்கள். அடுத்த ஆண்டு லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த வாக்கர்-சாமுவேல் குழு பெருங்குடல் கட்டிகளில் காட்டியது. உலோகமும் இல்லை, கதிரியக்கமும் இல்லை. மிச்சம் இருந்தால் உடம்பே எரித்துவிடும்.

மனிதரிடம் வந்தபோது விலை தெரிந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சோதனைகளில் நரம்பில் ஏற்றியது 25 கிராம் குளுக்கோஸ். மூலக்கூறுக் கணக்கில் அது காடோலினியம் ஊசியைவிட 20 மடங்குக்கும் மேல். அப்படியும் 3 டெஸ்லாவில் சமிக்ஞை மாறுவது ஒரு சதவீதம் போலத்தான். நோயாளி தலையை ஒரு மில்லிமீட்டர் அசைத்தால் அந்த ஒரு சதவீதம் காணாமல் போகும். குளுக்கோஸின் ஹைட்ரஜன்கள் அலைவரிசையில் தண்ணீருக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்திருப்பது இன்னொரு தொல்லை. இடைவெளி 150 ஹெர்ட்ஸ் போல. நாற்காலிக்காரரை மட்டும் தொட நினைத்தால் பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரர்மீதும் மை படுகிறது. 7 டெஸ்லா இயந்திரத்தில் இடைவெளி கூடும், ஆனால் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலும் ஒருசில பெரிய மருத்துவமனைகளிலும்தான் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. நம் ஊர் நோயாளிகளை நினைத்தால் அது சிறிய கேள்வியே அல்ல.

தண்ணீரிலிருந்து தள்ளி உட்காரும் மூலக்கூறு வேண்டும் என்று தேடியபோது மக்மஹன் குழு கண்டது சாலிசிலிக் அமிலத்தை. ஆஸ்பிரின் மாத்திரை உடம்புக்குள் போனபின் ஆவது இதுதான். அதன் ஒரு ஹைட்ரஜன் பக்கத்து ஆக்சிஜனின் பிடியில் இருப்பதால், 3 டெஸ்லாவில் தண்ணீரிலிருந்து ஏறத்தாழ 1,200 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. மை சிந்தும் தொல்லை இல்லை. இதே அமைப்பை வைத்துப் புதிய மூலக்கூறுகளை வரிசையாகச் செய்துவருகிறார்கள். இத்தாலியின் தூரின் நகரில் சில்வியோ ஐமே, டாரியோ லோங்கோ ஆகியோர் எடுத்தது அயோபமிடால். சி.டி. ஸ்கேனுக்கு எப்போதோ அனுமதி பெற்ற அயோடின் மருந்து அது. அயோடின் உலோகமல்ல. அந்த மூலக்கூறில் இரண்டு வகை நாற்காலிகள் உண்டு, இரண்டும் அமிலத்தன்மைக்கு வேறுவேறு விதமாக வேகம் மாறும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் அந்த இடம் எவ்வளவு அமிலமாக இருக்கிறது என்று தெரியும், மருந்து எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது பொருட்டே இல்லை. லாக்டேட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும் கட்டியைச் சுற்றி அமிலம் கூடுதல் என்பதால், இது கட்டியின் குணத்தையே அளக்கும் ஸ்கேன்.

இன்னொரு பாதை முழுக்க வேறு. மருந்தின் சமிக்ஞையையே பல்லாயிரம் மடங்கு கூட்டிவிட்டு ஊசியில் ஏற்றுவது. 2003-இல் ஆர்டென்க்ஜேர்-லார்சன், கோல்மன் ஆகியோர் 10,000 மடங்குக்கு மேல் கூட்டிக் காட்டினார்கள். சர்க்கரை உடைந்து உருவாகும் பைருவேட் என்ற சிறு மூலக்கூறில், கரு காந்தம்போல் நடந்துகொள்ளும் கார்பன்-13-ஐ வைத்து, தனிச்சுழிக்கு (குளிரின் கடைசி எல்லை) ஒரு டிகிரி சொச்சம் மேலே வரை குளிரவைத்து, மைக்ரோ அலையால் மணிக்கணக்கில் அதன் கருக்களை ஒரே திசையில் திருப்புவார்கள். பிறகு சுடுநீரால் ஒரே வீச்சில் கரைத்து, அடுத்த நொடியிலிருந்து ஓட்டம். அந்த வலிமை நிமிடத்துக்கு நிமிடம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போகும். வடிகட்டி, அமிலத்தன்மை பார்த்து, பக்கத்து அறையில் படுத்திருப்பவரின் கையில் ஏற்றி, படம் எடுத்து முடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள்தான். அதற்குள் கட்டி பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். சான் பிரான்சிஸ்கோவில் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 31 பேரிடம் நடந்த முதல் மனிதச் சோதனை 2013-இல் வெளியானது. மருத்துவமனைக்குள் ஒரு சிறு தொழிற்சாலையே வைத்தால்தான் இது நடக்கும் என்பதால் உலகில் சில டஜன் இடங்களுக்கு மேல் இது பரவவில்லை.

இவற்றில் பல ஏன் ஆய்வுத்தாளோடு நிற்கின்றன என்பதற்கு அறிவியலைத் தாண்டியும் ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். குளுக்கோஸுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. கோடிகள் செலவழித்து மனிதச் சோதனை நடத்தும் நிறுவனத்துக்கு அதில் திரும்பக் கிடைப்பது கொஞ்சம்தான். இந்த வேலையைப் பொதுப்பணம்தான் செய்தாக வேண்டும்.

எதையும் ஏற்றாமலே பார்க்கும் வழிதான் இப்போது நோயாளிக்கு மிக அருகில் வந்திருக்கிறது. நம் செல்களில் உள்ள புரதங்களிலேயே நாற்காலிகள் இருக்கின்றன. 2003-இல் ஜின்யுவான் ஜோவும் வான் ஜிஜ்லும் அவற்றைப் படித்துக் காட்டினார்கள். கட்டியில் புரதம் கூடுதல் என்பதால் அது தனியே தெரிகிறது. சில 3 டெஸ்லா இயந்திரங்களில் இது வாங்கக் கிடைக்கும் மென்பொருளாகவே வந்துவிட்டது.

இது எங்கே கைகொடுக்கிறது என்று ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். மூளையில் கிளியோமா கட்டிக்கு அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து சில மாதங்கள் கழித்து ஸ்கேன். அதே இடத்தில் மறுபடி ஒரு வெளிச்சம். குடும்பமே அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கட்டி திரும்பிவிட்டதா, கதிர்வீச்சில் செத்த திசுவா? இரண்டிலும் ரத்தக் குழாய் கசியும், இரண்டிலும் காடோலினியம் ஒரே மாதிரி பளிச்சிடும். ஒன்றுக்கு மறுபடி சிகிச்சை தொடங்க வேண்டும், இன்னொன்றில் தொடங்கவே கூடாது. 2011-இல் ஜோவின் குழு எலிகளில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. புரதத்தைப் படிக்கும் ஸ்கேனில், உயிரோடு பெருகும் கட்டி வெளிச்சமாகத் தெரிந்தது. செத்த திசு சுற்றியிருந்த மூளையின் சாம்பல் நிறத்திலோ, அதைவிட இருட்டாகவோ கிடந்தது. அதற்காக எலிகளுக்கு எந்த ஊசியும் போடவில்லை.